இந்த மாதத்து முதலாளி

குடைக் கம்பெனி முதலாளி ஓடிப்போன நாளிலிருந்து அங்கே வேலை பார்த்த யாருக்கும் டீ ருசிக்கவில்லை. தூள் அதேதான், பாலும் அதேதான், போடுகிற ஆளும் மாறவில்லை. ஆனாலும் ஒவ்வொருவரும் ஒரு வாய் குடித்துவிட்டு, எதையோ மறந்து வைத்துவிட்ட மாதிரி மேலே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மேலே இருந்தது முதலாளியின் கண்ணாடி அறை. இரும்புப் படி ஏறிப் போனால், நாலு பக்கமும் கண்ணாடி போட்ட ஓர் அறை. அங்கே உட்கார்ந்தால் துணி வெட்டுகிற மேஜை, தையல் மெஷின் வரிசை, கம்பிக்கூடு பூட்டுகிற இடம், துணியைக் கம்பி முனையில் கட்டுகிற பெஞ்சு எல்லாம் தெரியும். கீழே இருப்பவர்களுக்கு அவருடைய தலையும் நாற்காலியின் முதுகும் தெரியும். டீ நேரத்தில் கிளாஸை வாங்கிக்கொண்டு அந்தத் தலையைப் பார்த்து வாய்க்குள்ளேயே நாலு வார்த்தை திட்டுவார்கள். அது ஒரு சுகம். டீயில் குறைந்துபோனது அந்தச் சுகம்தான் என்று கண்டுபிடித்தவர் செயலாளர்.

செயலாளருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. தொழிற்சங்கத்துக்குச் செயலாளராகி முப்பது வருடத்தில் அது எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. யாராவது தேடி வந்தால் அவர் மனைவியே "செயலாளர் குளிக்கிறாரு, உக்காருங்க" என்றுதான் சொல்வாள். அவரும் அதைக் கேட்டு உள்ளுக்குள் மகிழ்ந்துகொண்டே இன்னும் இரண்டு செம்பு தண்ணீர் ஊற்றிக்கொள்வார்.

அவருடைய பெரிய சாதனை ஐந்து மணிச் சங்கு. அவருடைய இளமைக் காலத்தில், முதலாளிக்கு எப்போது மனசு வருகிறதோ அப்போதுதான் கம்பெனிச் சங்கு ஊதும். சில நாள் ஆறு, சில நாள் ஏழு. பெரிய வேலை நிறுத்தம் செய்து அதை ஐந்து மணிக்கு ஊத வைத்தார். அந்த வேலை நிறுத்தத்தில்தான் அவருக்குக் கல்யாணமும் ஆயிற்று. பேனரின் ஒரு கோலை அவர் பிடித்திருந்தார். மறு கோலைப் பிடித்திருந்தது தையல் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். காற்று பலமாக அடித்தபோதும் அவள் கோலை விடவில்லை. சங்கு முதன்முதலாக ஐந்து மணிக்கு ஊதிய அன்று அவளிடம் போய், "இனிமே அஞ்சு மணிக்கு மேல உன் நேரம் உன்னுது" என்றார். அதற்கு மேல் எப்படிப் பேசுவது என்று தெரியாமல் நின்றார். அவளே புரிந்துகொண்டு சரி என்றாள். அவளைத்தான் இப்போது கம்பெனியில் சின்னவர்கள் பெரியவர்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிறார்கள்.

அவருக்கு இன்னொரு திறமையும் உண்டு. கோரிக்கை மனு எழுதுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எந்தக் கோரிக்கையாக இருந்தாலும் 'நிரந்தரமாகவும் நிபந்தனையின்றியும்' என்ற இரண்டு வார்த்தை இல்லாமல் அவருக்கு முடியாது. கழிப்பறைக்குக் கதவு கேட்டபோதுகூட நிரந்தரமாகவும் நிபந்தனையின்றியும்தான் கேட்டார். முதலாளி மனுவை வாங்கியதும் சிவப்புப் பேனாவை எடுத்து முதல் வேலையாக அந்த இரண்டு வார்த்தைகளையும் அடிப்பார். அடித்துவிட்டுத்தான் "ம், சொல்லுங்க" என்பார்.

அந்த முதலாளிதான், இரண்டு வருடம் சேர்ந்தாற்போல் மழை பொய்த்ததும், மத்தியானம் சாப்பிடப் போகிறேன் என்று காரில் ஏறிப் போனார். இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை. கொஞ்ச நாள் வாசலில் காத்திருந்துவிட்டு, செயலாளர் தலைமையில் பூட்டை உடைத்து உள்ளே போனார்கள். கோர்ட்டுக்கு நடையாக நடந்து, கடைசியில் கம்பெனி எல்லோருக்கும் பொதுவாக அவர்கள் கைக்கே வந்துவிட்டது. செயலாளர் வாழ்நாள் முழுக்க எதைப் பற்றி மேடை மேடையாகப் பேசினாரோ அது நடந்தே விட்டது. அப்புறம்தான் இந்த டீ விவகாரம்.

மேலே திட்ட ஆள் இல்லாததால் பக்கத்தில் இருப்பவனைத் திட்ட ஆரம்பித்தார்கள். துணியைக் கோணலாக வெட்டுகிறார்கள் என்று தையல்காரிகள் சொன்னார்கள். தையல் சுருங்கி இழுக்கிறது என்று கம்பிக்காரர்கள் சொன்னார்கள். ஒரு நாள் கிளாஸ் பறந்தது. செயலாளர் அவசரக் கூட்டம் போட்டார்.

"தோழர்களே, முதலாளிங்கறது ஒரு ஆள் இல்ல. அது ஒரு இடம். ஆள் போனாலும் இடம் அப்படியே இருக்கு. அதனாலதான் உங்களுக்குக் குறுகுறுங்குது" என்றார்.

அக்காவின் தம்பி, அதாவது செயலாளரின் மச்சினன், வெட்டு மேஜையில் வேலை. எதையும் நீட்டி யோசிக்கிற பழக்கம் அவனுக்குக் கிடையாது. "அப்போ அந்த இடத்துல மாசத்துக்கு ஒருத்தர் உக்காரட்டும் மாமா" என்றான். "கையெழுத்துப் போடற வேலையும் நடக்கும், நமக்கும் திட்ட ஒரு ஆள் கிடைக்கும்."

எல்லோரும் கை தட்டினார்கள். செயலாளருக்கு மறுக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. சொன்ன தத்துவம் அவருடையது ஆயிற்றே. அவரே விதிமுறைகளையும் சொன்னார். டீ நேரத்தில் மட்டும் திட்டலாம். சத்தமாகத் திட்டலாம். முதலாளி பதில் பேசக் கூடாது. கிளாஸைக் கீழே வைத்ததும் திட்டும் முடிந்துவிட வேண்டும், மனசில் வைத்துக்கொள்ளக் கூடாது. குடைக் கைப்பிடிகள் கொட்டி வைத்திருக்கிற தொட்டியில் ஒரே ஒரு சிவப்புக் கைப்பிடியைப் போட்டுக் கலக்கினார்கள். மாதப் பிறப்பன்று ஒவ்வொருவரும் கண்ணை மூடிக்கொண்டு கை விட வேண்டியது. சிவப்பு யார் கையில் வருகிறதோ அவர் மாடிக்கு.

முதல் மாதம் மச்சினன் போனான். நாலே நாளில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தான். அடுத்த மாதம் நெட்டை என்று எல்லோரும் கூப்பிடுகிற தையல்காரி. அவள் முதல் நாள் திட்டுக்கு அழுதாள். மூன்றாம் நாள் கண்ணாடியோரம் வந்து நின்று, யார் நன்றாகத் திட்டுகிறார்கள் என்று கவனிக்கத் தொடங்கினாள். டீ மறுபடி டீயாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை சாயந்தரங்களில் செயலாளர் வீட்டு முன்னறையில் அரசியல் வகுப்பு நடக்கும். நாலைந்து பேர் வருவார்கள். ஒரு தட்டு நிறைய அவித்து உரித்த உருளைக்கிழங்கை நடுவில் வைத்துப் பாடம் எடுப்பார்.

"பத்துக் கிழங்கு இருக்கு. இது நீ ஒரு நாள் பூரா பாடுபட்டு உண்டாக்குன மதிப்பு. நாலு கிழங்கை எடுத்து உனக்குக் கூலின்னு குடுத்துட்டான். மிச்சம் ஆறு எங்க போச்சு?"

"முதலாளி வயித்துக்கு" என்று மச்சினன் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்வான்.

"அதுதான் உபரி மதிப்பு. அவன் தொடாம, துரும்பைக் கிள்ளிப் போடாம வர்றது."

சமையலறையிலிருந்து அக்காவின் குரல் வரும். "அந்தப் பத்தையும் உரிச்சது யாரு?"

"அது வேற கணக்கு" என்று சொல்லிவிட்டுச் செயலாளர் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்.

இப்படி நடந்துகொண்டிருக்கும்போதுதான், மழைக்காலத்துக்கு முந்தைய மாதப் பிறப்பில், செயலாளர் கையில் சிவப்புக் கைப்பிடி வந்தது. அவர் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்.

"நான் சங்கத்துச் செயலாளர். நான் எப்படி முதலாளியா உக்கார முடியும்? ஜனங்க என்ன நெனைப்பாங்க?"

"விதி போட்டது நீங்கதானே" என்றாள் அக்கா. "மேல ஏறுங்க, டீ நேரம் ஆகுது."

நாற்காலி சுழல் நாற்காலி. உட்கார்ந்ததும் க்ரீச் என்றது. முப்பது வருடம் எதிர்ப்பக்கம் நின்று பார்த்த நாற்காலி, உட்கார இவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. அதை யாரிடமும் சொல்லவும் இல்லை. அன்றைய டீ நேரத்தில் நெட்டை கிளாஸைத் தூக்கிப் பிடித்து, "உக்காந்து தேய்க்கறதுக்குன்னே பொறந்த முதலாளி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். செயலாளரும் சிரித்தார். கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

முதல் வாரம் போன பிறகு கணக்கர் படியேறி வந்தார். மெலிந்த மனிதர். எந்த நல்ல செய்தியையும் துக்கச் செய்தி மாதிரிதான் சொல்வார்.

"பெரிய ஆர்டர் வந்திருக்கு" என்றார்.

"நல்லதுதானே?"

"ஊரெல்லாம் கிளை வெச்சிருக்கிற கடை. இந்த வருஷம் மழை பலமா இருக்கும்னு சொல்றாங்களாம். மாசக் கடைசிக்குள்ள சரக்குப் போகணும். நம்ம தையல் வேகத்துக்கு முடியாது. தினம் ஒரு மணி நேரம் கூடப் பார்த்தா முடியும்."

"முடியாதுன்னு சொல்லிட்டா?"

"வேற கம்பெனிக்குப் போயிடும். அடுத்த மழைக்காலம் வரைக்கும் நம்ம கம்பெனி தாங்காது" என்று சொல்லிவிட்டுக் கணக்கர் கண்ணாடி வழியாக வானத்தைப் பார்த்தார். வெயிலில் கண் கூசியது. தகரக் கூரை சூட்டில் சடசடத்துக்கொண்டிருந்தது. கீழே தையல்காரிகள் கழுத்தில் ஈரத்துணி சுற்றிக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தார்கள்.

செயலாளர் அந்த மத்தியானம் முழுக்க நாற்காலியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுழன்றார். ஒரு மணி நேரம் கூட என்றால் சங்கு ஆறு மணிக்கு. அவர் வாங்கிக்கொடுத்த சங்கு. அதை வேறொருவன் தள்ளிவைத்திருந்தால் வாசலில் படுத்திருப்பார். ஆனால் கம்பெனி மூடிக்கொண்டால் ஊதுவதற்குச் சங்கே இருக்காது. கடைசியில் டீ நேரத்தில் படியின் நடுவில் வந்து நின்று விஷயத்தைச் சொன்னார். சொல்லிக்கொண்டு வந்தவர், நல்லபடியாக முடிக்க வேண்டுமே என்ற பதட்டத்தில், "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்றும் சொல்லிவிட்டார்.

கூடத்தில் எல்லோர் கிளாஸும் வாய்க்குப் போகிற வழியில் நின்றது. அது பழைய முதலாளியின் வார்த்தை. ஒவ்வொரு முறை நேரத்தைக் கூட்டும்போதும் அவர் அந்த இடத்தில் நின்று, அதே குரலில் சொன்னது. அன்று யாரும் திட்டவில்லை. அக்கா கிளாஸைக் கீழே வைத்துவிட்டு மெஷினுக்குத் திரும்பிப் போனாள். செயலாளருக்கு, அவர்கள் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

வீட்டில் தட்டு வந்தது, சாப்பாடு வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. மச்சினன் அந்த வீட்டு மாடியில் இருப்பவன், சாப்பாடு இங்கேதான். அவனுக்கு நடுவில் மாட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று.

"சூப்புக்கு உப்புப் போதுமான்னு முதலாளியைக் கேளு" என்றாள் அக்கா.

"நான் இங்கதானே உக்காந்திருக்கேன்? எங்கிட்டயே கேக்கலாமே?"

"சங்கத்துக்குத் தெரியாம முதலாளியோட தனியா உக்காந்து பேசறது துரோகம்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்கன்னு சொல்லு."

"மாமா, துரோகமாம்" என்றான் மச்சினன், ரொட்டியை மென்றுகொண்டே.

"காதுல விழுந்துச்சு."

மறுநாள் சங்கக் கூட்டம் நடந்தது. முதலாளி வெளியே இருக்க வேண்டியது முறை. இரும்புப் படியில் உட்கார்ந்து, மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார் செயலாளர். அவர் இல்லாமல் நடந்த முதல் சங்கக் கூட்டம் அது. சீக்கிரமே முடிந்துவிட்டது, அது வேறு அவருக்குக் குறையாக இருந்தது. கதவு திறந்ததும் டீக்காரர் "செயலாளர், டீ" என்று கூப்பிட்டார். இவர் வழக்கம்போல் கையை நீட்டினார். டீக்காரர் இவரைத் தாண்டிப் போய் அக்காவிடம் கொடுத்தார்.

நீட்டிய கையை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. கைப்பிடிக் கம்பியைத் துடைக்கிற மாதிரி துடைத்துவிட்டு மேலே ஏறிப் போனார். அவருக்குப் பெயர் போய்விட்டது. உடம்பிலிருந்து ஒரு துணியை உருவிக்கொண்டு போன மாதிரி இருந்தது.

சாயந்தரம் மச்சினனும் நெட்டையும் கண்ணாடிக் கதவைத் தட்டினார்கள். இருவருக்கும் உட்காருவதா நிற்பதா என்று குழப்பம்.

"ஒண்ணும் இல்ல மாமா" என்றான் மச்சினன். "கோரிக்கை மனு எழுதணும்."

"எழுதுங்க."

"எழுத வரலை. நேத்துலேருந்து முயற்சி பண்றோம். ஏதோ லீவு லெட்டர் மாதிரியே வருது."

"அதுக்கு?"

"உங்களை விட்டா யாருக்கு எழுத வரும்?" என்றாள் நெட்டை.

"எனக்கு எதிரா நானே எழுதணுமா?"

"உங்களுக்கு எதிரா இல்ல. முதலாளிக்கு எதிரா" என்றாள் நெட்டை. "முதலாளிங்கறது ஆள் இல்ல, இடம்னு நீங்கதானே சொன்னீங்க."

அவர் கோபப்பட்டிருக்க வேண்டும். ஆனால் முப்பது வருடப் பழக்கம் கையில் அரித்தது. "என்னென்ன கேக்கறீங்க, சொல்லுங்க" என்றார் சலிப்பாக. ஐந்து மணிச் சங்கு மாறக் கூடாது என்பதில் தொடங்கி, தையல் கூடத்துக்கு மின்விசிறி என்பது வரை ஆறு கோரிக்கை சொன்னார்கள். எழுத எழுத அவருக்கு முகம் தெளிந்தது. முதுகு நிமிர்ந்தது. 'உழைப்பவரின் ஓய்வைக் களவாடும் முதலாளியின் வஞ்சக எண்ணத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம்' என்று எழுதிவிட்டு, 'வஞ்சக'த்துக்குப் பக்கத்தில் 'நரித்தனமான' என்று ஒன்றையும் சேர்த்தார். நெட்டை, "அந்த அளவுக்கு வேண்டாமே" என்றாள். "உனக்குத் தெரியாது, இவனுங்களுக்கெல்லாம் இப்படி எழுதினாத்தான் உறைக்கும்" என்றார்.

ஆறு கோரிக்கையும் முடிந்தது. மனுவைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கொஞ்சம் மொட்டையாக இருந்தது. ஒரு நல்ல மனு என்றால் கடைசியில் கேட்பவனுக்கு உடம்பு சிலிர்க்க வேண்டும். யோசித்தார். பேனா தானாக ஓடியது.

'ஏழு. ஆலையில் உழைத்துக் களைத்து வீடு திரும்பும் பெண் தொழிலாளர்கள், அடுப்படியில் கூலியில்லாத இன்னொரு ஷிஃப்ட் உழைக்கும் கொடுமை நிரந்தரமாகவும் நிபந்தனையின்றியும் ஒழிக்கப்பட வேண்டும்.'

நெட்டை அதை இரண்டு தரம் படித்தாள். "இதை நாங்க கேக்கலியே."

"கேக்கணும். கேக்கத் தெரியாததைக் கேக்க வெக்கறதுக்குத்தான் சங்கம்" என்றார், மூக்கு விடைக்க.

நெட்டை மனுவை மடித்து மார்போடு வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். கடைசிப் படியில் அவள் சிரித்த மாதிரி இருந்தது. அவர் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பேச்சுவார்த்தை மறுநாள் காலை கண்ணாடி அறையில் நடந்தது. செயலாளர் பழக்க தோஷத்தில் மேஜைக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டார். மச்சினன் தொண்டையைச் செருமினான். எழுந்து போய்ச் சுழல் நாற்காலியில் தனியாக உட்கார்ந்தார். எதிரே அக்கா, நெட்டை, மச்சினன், கம்பிக்காரர் இருவர். அக்கா சலவை செய்த சேலை கட்டி, தலையைப் படிய வாரியிருந்தாள். எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கும்போது சங்கம் இவ்வளவு மிடுக்காக இருக்குமா என்று அவருக்குத் தோன்றியது.

"முதல் கோரிக்கை" என்றாள் அக்கா. "சங்கு அஞ்சு மணிக்குத்தான் ஊதணும்."

"ஆர்டர் போனா கம்பெனியே போயிடும். நெலமையைப் புரிஞ்சுக்கணும். நான் யாருக்காகச் சொல்றேன்? எனக்காகவா?"

சொல்லும்போதே அவருக்குத் தெரிந்தது, இதுவும் பழையவர் சொன்னதுதான். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் வேறு வார்த்தை வராது போலிருந்தது.

அக்கா அசரவில்லை. "நெலமை எப்பவும் உழைக்கிறவன் பக்கம் மட்டுந்தான் வந்து நிக்கும். லாபம் வந்தப்போ நெலமை எங்க போயிருந்துச்சு? எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, எட்டு மணி நேரம்..." என்று தடுமாறினாள்.

"உறக்கம்" என்று எடுத்துக்கொடுத்தார் செயலாளர். அந்தப் பேச்சு அவருடையது. கண்ணாடி முன்னால் நின்று அவர் ஒத்திகை பார்க்கும்போதெல்லாம் அவள் பின்னால் துணி மடித்துக்கொண்டிருப்பாள்.

"உறக்கம்" என்று முடித்தாள் அக்கா. நன்றி சொல்லவில்லை.

வெகு நேரம் இழுத்தது. அவரும் விடவில்லை, அவளும் விடவில்லை. கணக்கர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கடைசியில் அக்கா மனுவைத் திருப்பி வைத்தாள்.

"முதல் கோரிக்கை கொஞ்சம் அப்படியே இருக்கட்டும். ஏழாவதைப் பேசுவோம்."

"ஏழாவதா? அது ஒரு... பொதுவான கோரிக்கை. ஒரு எழுச்சிக்காக எழுதறது."

"எனக்கு அதுதான் முக்கியம்" என்றாள். குரல் மாறியிருந்தது. மேடைப் பேச்சு அதில் இல்லை. "அஞ்சு மணிக்கு மேல உன் நேரம் உன்னுதுன்னு ஒருத்தர் எங்கிட்டச் சொன்னாரு. சங்கு அஞ்சு மணிக்குத்தான் ஊதுச்சு, நான் குறை சொல்லலை. ஆனா இத்தனை வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், அஞ்சு மணிக்கு மேல என் நேரம் என்னுதா இருந்துச்சா? இங்க கழட்டி வெச்ச உடம்பை அங்க மாட்டிக்கிட்டு அடுப்புக்கு முன்னால நிப்பேன். நீங்க ஓய்வைப் பத்தி முன்னறையில வகுப்பு எடுத்துட்டு இருப்பீங்க."

கீழே ஒரு மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. செயலாளர் மேஜையையே பார்த்தார். வெட்கமாக இருந்தது அவருக்கு. பதில் ஒன்று தேடினார். 'அது வேற கணக்கு' என்பது மட்டும்தான் வாயில் வந்து நின்றது. நல்லவேளை, அதை விழுங்கிக்கொண்டார்.

"இவ்வளவுதான் விஷயம்" என்று நெட்டை தொடர்ந்தாள். "வெட்டு மேஜையில துணி குவிஞ்சு கிடக்கு. கம்பிக்கூடும் குவிஞ்சு கிடக்கு. முடங்கறது தையல்லதான். சங்கு அஞ்சு மணிக்கே ஊதட்டும். ஆம்பளைங்க எல்லாரும் கிளம்பி வீட்டுக்குப் போய்ச் சமைங்க. நாங்க ஆறு வரைக்கும் தைக்கறோம். ஆர்டர் முடிஞ்சதும் அந்த நேரத்தையெல்லாம் லீவாக் கழிச்சுக்கறோம். ஆறு மணிக்கு மேல வீட்டுக்கு வந்தா தட்டு முன்னால உக்காரணும், அடுப்பு முன்னால இல்ல."

மச்சினன் திடுக்கிட்டுத் திரும்பினான். "அக்கா, இது நாம பேசிவெச்சதுல இல்லையே. நான் நம்ம பக்கம்."

"நம்ம பக்கந்தான். நீயும் சமைக்கப் போற."

மச்சினன் ஆதரவுக்கு முதலாளியைப் பார்த்தான். முதலாளி மேஜை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே பழையவரின் சிவப்புப் பேனா அப்படியே கிடந்தது. எடுத்தார். ஏழாவது கோரிக்கையில் அந்த இரண்டு வார்த்தைகளின் மேல் கொண்டுபோனார். முப்பது வருடமாக அந்தப் பேனா அவருடைய வார்த்தைகளை அடித்ததைப் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் ரத்தம் கொதித்திருக்கிறது. கை அங்கேயே நின்றது. பேனாவை மூடி இழுப்பறையில் போட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து தன் நீலப் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"மாமா, கொஞ்சம் யோசிச்சிருக்கலாம்" என்றான் மச்சினன் பரிதாபமாக.

அன்று சங்கு ஐந்து மணிக்கு ஊதியது. ஆண்கள் எல்லோரும் கும்பலாக வெளியே வந்து, வாசலில் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றார்கள். காய்கறிக் கடைக்காரருக்கு முதலில் ஏதோ மறியல் என்றுதான் பட்டது. முதல் வாரம் கம்பெனியைச் சுற்றியிருந்த தெருக்களில் தீய்ந்த வாடை அடித்தது. செயலாளர் உருளைக்கிழங்கைத் தோல் சீவினால் கிழங்கில் பாதி தோலோடு போயிற்று. சூப்பில் ஒரு நாள் உப்பு இல்லை, மறுநாள் முந்தின நாளைக்கும் சேர்த்து இருந்தது. டீ நேரத் திட்டில் இப்போது அடுப்படியும் சேர்ந்துகொண்டது. "தண்ணியைக் கொதிக்க வெச்சு அதுக்கு சூப்புன்னு பேர் வெச்ச முதலாளி" என்று ஒரு நாள் அக்காவே சொன்னாள். சொன்ன பிறகு மேலே நிமிர்ந்து பார்த்தாள், கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அவரும் பார்த்தார். மாதம் பிறந்ததிலிருந்து அவள் அவரை நேராகத் திட்டியது அதுதான் முதல் தடவை. அவருக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

கொஞ்சம் கொஞ்சமாகக் கை பழகியது. வெட்டு மேஜையில் வெங்காயம் எப்போது சிவக்கும் என்பது பற்றிச் சூடான விவாதம் நடந்தது. பெண்கள் ஆறு மணிக்கு வெளியே வரும்போது ஓடவில்லை. வாசலில் நின்று கொஞ்சம் பேசிக்கொண்டிருந்துவிட்டு நடந்தார்கள். கடைசிக் குடையின் கம்பி முனையில் துணியைக் கட்டி முடித்த அன்று மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. லாரி வாசலைத் தாண்டவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. எல்லோரும் கூடத்தை விட்டு வெளியே ஓடி நனைந்தார்கள். குடைக் கம்பெனிக்காரர்கள் ஒருவர் கையிலும் குடை இல்லை.

மாதப் பிறப்பில் சிவப்புக் கைப்பிடி கணக்கர் கைக்குப் போயிற்று. அவர் அதையும் துக்கச் செய்தியாகவே ஏற்றுக்கொண்டு படியேறினார். செயலாளர், அதாவது முன்னாள் செயலாளர், கம்பிக்கூடு பூட்டுகிற தன் பழைய இடத்துக்கு இறங்கி வந்தார். அன்று சாயந்தரம் வீட்டில் ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அக்கா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எதிரில் வந்து நின்றார்.

"என் தவணைதான் முடிஞ்சு போச்சே" என்றார். "செயலாளர் பதவியை..."

"சங்கத் தேர்தல் வருஷத்துக்கு ஒரு தடவைதாங்க. விதி உங்களுது."

"சரி, அது போகட்டும். ஆர்டரும் முடிஞ்சு போச்சு. அந்த ஏழாவது கோரிக்கை..."

"ஆமா?"

"அதுவும் முடிஞ்ச மாதிரிதானே?"

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆர்டர் முடியற வரைக்கும்னு அதுல எங்கயும் எழுதலையே. நீங்க வேற என்னமோ எழுதியிருந்தீங்க. சொல்லுங்க, உங்க வாயாலயே கேக்கறேன்."

அவர் மழைப் பக்கம் திரும்பிக்கொண்டார். "நிரந்தரமாகவும்" என்றார் மெதுவாக.

"அப்புறம்?"

"நிபந்தனையின்றியும்."

"முப்பது வருஷமா எத்தனை மனு எழுதியிருப்பீங்க. அந்த ரெண்டு வார்த்தை அடிபடாம ஜெயிச்சது இது ஒண்ணுதான்" என்றாள் அக்கா. "சந்தோஷப்பட வேண்டாமா?"

யோசித்துப் பார்த்தால் உண்மைதான். அவருக்குச் சிரிப்பு வந்தது, பெருமையாகக்கூட இருந்தது. உள்ளே போனார். கிழங்கை அவித்து, சூடு பொறுத்து ஒவ்வொன்றாக உரித்தார். தோல் மெல்லிசாக, கிழங்கு நோகாமல் வந்தது. தட்டில் அடுக்கி உப்புத் தூவிக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். அவள் ஒன்றை எடுத்துச் சாப்பிட்டாள். இன்னொன்றை எடுத்தாள். எதுவும் சொல்லவில்லை. அவருக்குப் பொறுக்கவில்லை.

"இத்தனையும் உரிச்சது யாருன்னு கேக்க மாட்டியா?" என்றார்.

அக்கா மூன்றாவது கிழங்கை எடுத்தாள்.

"அது வேற கணக்குங்க" என்றாள்.